இல்லாத ஸ்டூல்

கேன்டீனின் பின்புறச் சுவர் கிழக்கு பார்த்தது. கம்பெனி பஸ் வந்து ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில் வெயில் அதன்மேல் முழுதாக விழும். சுவருக்கு எதிரே சற்றுத் தள்ளி ஒரு புங்கமரம், அதைச் சுற்றிக் காலி எண்ணெய் டின்கள், உடைந்த பேலட் கட்டைகள். பீடி குடிக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. மாதேஸ்வரி முதன்முதலாக அங்கே போனது ஒரு மனிதருக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக.

அந்த மனிதர் லின். ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் அந்தக் கம்பெனியில், ஒயர் வெட்டும் புது மெஷின்களைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவதற்காகத் தைவானிலிருந்து வந்திருந்த மெக்கானிக். மாதேஸ்வரியின் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்கு மேல் போகாது. அன்று காலை அவர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்கள் லேசாக மடங்கியிருந்தன. கைகள் இரண்டும் ஒரு பெரிய பானையை அணைத்ததுபோல் மார்புக்கு முன்னே வளைந்திருந்தன. கண் பாதி மூடியிருந்தது. மார்கழிக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. தன் சித்தப்பாவுக்கு வலிப்பு வருவதற்கு முன் அவர் இப்படித்தான் விறைத்து நின்றார் என்பது மாதேஸ்வரிக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

லின் கண்ணைத் திறந்து சிரித்தார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் தன் போனில் ஏதோ பேசினார். போன் ஒரு பெண் குரலில், மேடைப் பேச்சுத் தமிழில் சொன்னது: "தங்கள் அன்புக்கு நன்றி. நான் நலமாக உள்ளேன். நான் மரத்தைப் போன்று நின்றுகொண்டிருக்கிறேன்."

இதை அவள் லைனில் போய்ச் சொன்னபோது, பக்கத்துப் போர்டில் வேலை செய்யும் தில்ஷாத் டேப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க்கா, மரத்துக்குப் பக்கத்துல இன்னொரு மரம் எதுக்காம்? அவுங்க ஊர்ல எடம் பத்தலியா?"

லைனில் வேலை என்றால் நிற்பதுதான். இடுப்புயரத்துக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். ஒவ்வொரு ஒயரையும் அதற்குரிய ஆணிகளின் வழியே வளைத்துப் போட்டு, டேப் சுற்றி, முனைகளை இணைப்பில் சொருகி அடுத்தவளிடம் தள்ள வேண்டும். ஷிப்டு முடியும்வரை இதே வேலை. உட்கார்ந்தால் பலகையின் மேல் வரிசை எட்டாது என்பது மேனேஜ்மென்ட் சொல்லும் காரணம். எட்டாத பலகையைத் தாழ்த்தலாமே என்று கேட்டவர்களுக்கு அதுவரை பதில் வரவில்லை.

மாதேஸ்வரி பிறந்தது நாட்றாம்பாளையத்தில், காட்டை ஒட்டிய கேழ்வரகுக் கொல்லையில். சென்னகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்கு வந்தாள். அவன் பேரிகைச் சந்தையிலிருந்து கொத்தமல்லியும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகும் டெம்போ டிரைவர். மகள் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படிக்கிறாள். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து மாதேஸ்வரி கான்ட்ராக்டில்தான் இருக்கிறாள். சேர்ந்த சில வருஷங்களில் குதிகால் வலி வந்தது. காலையில் படுக்கையை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் ஆணியில் மிதித்ததுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போவாள்.

அந்த நொண்டலை லின் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் மரத்தடியில் தனக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தைக் கையால் காட்டினார். அவள் தயங்கினாள். ஆண், அதிலும் வெளிநாட்டு ஆண், பின்கட்டு இடம். துணைக்குப் பொற்கொடியைக் கூட்டிக்கொண்டு மறுநாள் போனாள்.

பொற்கொடி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். லைனில் மாதேஸ்வரிக்கு எதிர்ப்பலகை. புருஷன் விட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகளையும் அவள் சம்பளம்தான் காப்பாற்றுகிறது. அவள் ஒரு பேலட் கட்டைமேல் உட்கார்ந்துகொண்டு காவல் காத்தாள்.

லின் போனில் பேச, போன் சொன்னது: "பாதங்களைத் தோள் அகலத்தில் வைக்கவும். முழங்கால்களைப் பூட்ட வேண்டாம். தங்களுக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் ஒன்று உள்ளது. தாங்கள் அதில் அமரவும். ஆனால் ஸ்டூல் இல்லை."

"கேட்டீயளாக்கா," என்றாள் பொற்கொடி. "இங்க இருக்கதும் அதே கததான். உக்காரணும், ஆனா ஸ்டூலு கெடையாது."

மாதேஸ்வரி முந்தானையைச் சொருகிக்கொண்டு நின்றாள். கைகளை வளைத்தாள். தோள் தானாக ஏறிக்கொண்டது. லின் அவளைத் தொடவில்லை. சுவருக்குப் போனார். அங்கே அவளுடைய நிழல் விழுந்திருந்தது. நிழலின் தோளை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். மாதேஸ்வரி சுவரைப் பார்த்தாள். நிழலின் தோள் காதுக்குக் கிட்டத்தில் இருந்தது. இறக்கினாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். அதன்பின் அவர் ஊருக்குக் கிளம்பும்வரை நடந்த பாடமெல்லாம் அந்தச் சுவரில்தான் நடந்தது. முதுகு வளைந்தால் நிழலின் முதுகு. மோவாய் தூக்கினால் நிழலின் மோவாய்.

சீனத்துச் சண்டைக் கலைகளில் அடியும் உதையுமாக வெளியே தெரிவது ஒரு வகை. தாய்ச்சி போல உள்ளே அடங்கி நடப்பது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையில் ஆண்டுக்கணக்கில் முதலில் நிற்கத்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். போன் சொன்னதில் மாதேஸ்வரிக்கு விளங்கியது இவ்வளவுதான். மற்றதை உடம்பு சொல்லிக்கொடுத்தது.

முதலில் தொடை எரிந்தது. பிறகு நடுங்கியது. நடுக்கத்தை அடக்கப் பார்த்தால் அதிகமாகும். விட்டுவிட்டால் அது தானாகத் தாழ்ந்து, கணுக்காலுக்கு இறங்கி, பாதத்தின் வழியே மண்ணுக்குள் போய்விடும். பாரம் குதிகாலில் மட்டும் நிற்காமல் பாதம் முழுவதும் பரவுவது ஒரு நாள் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் பலகைமுன் பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றதும் அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. சில வருஷங்களுக்கு முன் அவளுடைய அப்பா இறந்த சேதி வந்தது ஒரு மதிய ஷிப்டின்போது. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஷிப்டு முடியும்வரை அந்தச் சேதி லாக்கருக்குள்ளேயே இருந்தது. அவள் அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நாட்றாம்பாளையம் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இத்தனை காலம் கழித்து, லின்னோடு மரத்தடியில் கையை வளைத்து நின்ற ஒரு காலையில், எதையும் நினைக்காமல் இருந்தபோது, கண்ணிலிருந்து நீர் இறங்கத் தொடங்கியது. கையை எடுத்துத் துடைக்கத் தோன்றவில்லை. லின் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் நிழலைத் திருத்தவில்லை.

பங்குனியில் லின் ஊருக்குப் போனார். மாதேஸ்வரி நிற்பதை விடவில்லை. காலையில் பஸ் இறங்கியதும் ஒருமுறை, டீ இடைவேளையில் ஒருமுறை. குதிகால் வலி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்.

பொற்கொடியின் நிலைமை வேறு. அவளுடைய இடது காலில் நரம்புகள் கயிறுகளாகப் புடைத்துக்கொண்டு வந்தன. டாக்டர், நின்று செய்யும் வேலையை விடு அல்லது நடுநடுவே உட்கார் என்று சொல்லிவிட்டார். விட முடியாது. ஆகவே உட்கார வழி தேடினாள். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் உயர ஸ்டூல் வேண்டும் என்று மனு எழுதி, லைனில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். மாதேஸ்வரியும் போட்டாள். ஹெச்.ஆர். ராஜேஷ்குமார் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மேலே பேசுகிறேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இருவரிடமும் சிரித்தே பழகியவர்.

கேன்டீனின் வெளி மூலையில், பின்பக்கம் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. இடைவேளையில் எல்லாரும் பக்கவாட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் மரத்தடியில் அசையாமல் நிற்பதை ராஜேஷ்குமார் அதில்தான் பார்த்தார். மறுநாள் நேராகவே வந்தார்.

"மாதேஸ்வரிம்மா, கால் வலிக்கலையா உங்களுக்கு?"

"மின்ன வலிச்சுது சார். இப்ப பரவால்ல."

"எப்படி?"

அவள் சொன்னாள். இதுவரை யாரும் அவளிடம் இதைப் பற்றி இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. நின்று காட்டினாள். வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்றார். எடுத்துக்கோங்க சார் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் கேன்டீன் டிவியில் அந்த வீடியோ ஓடியது. மாதேஸ்வரி கண்மூடி நிற்கிறாள். பின்னணியில் புல்லாங்குழல். அடியில் பெரிய எழுத்தில், 'நிற்பது வலியல்ல. நிற்கத் தெரியாததே வலி.' ஸ்டூல் மனுவுக்கும் அன்றே பதில் வந்தது. ஸ்டூலுக்குப் பதிலாக, எல்லாருக்கும் சரியாக நிற்கும் பயிற்சி தரப்படும் என்று.

சாப்பாட்டுத் தட்டோடு இருந்த பெண்கள் டிவியையும் மாதேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எங்கம்மா மரத்தம்மா, உனக்கு வேர் வுட்டுப் போச்சு, எங்களுக்குக் கால் வுட்டுப் போச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பொற்கொடி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாதேஸ்வரி பின்னாலேயே போனாள்.

"பொற்கொடி, நான் எதுக்குன்னு தெரியாமதான்டி..."

"தெரியாமத்தான் செய்தீய. ஒத்துக்கிடுதேன்." பொற்கொடி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். "இந்த நரம்புகிட்டயும் சொல்லுங்க, அக்கா தெரியாமத்தான் செய்தாவன்னு. அது கேட்டுக்கிடுமான்னு பாப்போம்."

அன்றிலிருந்து எதிர்ப்பலகையிலிருந்து பேச்சு வரவில்லை. ஒயர் மட்டும் வந்தது.

மாதேஸ்வரி மரத்தடிக்குப் போவதை நிறுத்தினாள். அங்கே நின்றால் கேமரா பார்க்கும் என்ற எண்ணம் முதுகில் கை வைத்ததுபோல் இருந்தது. வீட்டில் நின்று பார்த்தாள். முழங்கால் தளரவில்லை. லின் காட்டியிருந்தபடி நாக்கை மேலண்ணத்தில் வைத்து மூச்சை வயிற்றுக்கு இறக்கப் பார்த்தால் நெஞ்சோடு நின்றுவிட்டது. குதிகால் ஆணி திரும்பி வந்தது.

ஆடிக் காற்று வீசத் தொடங்கிய சமயத்தில் ராஜேஷ்குமார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மாதக் கூட்டத்துக்குப் பிளான்ட் ஹெட் வருகிறார், எல்லார் முன்னாலும் நீங்கள் நிற்கும் பயிற்சியைத் தொடங்கிவைக்க வேண்டும், அதன்பின் நீங்கள் லைனுக்குப் போக வேண்டாம், டிரெய்னர், பர்மனென்ட் என்றார்.

"எனக்கு எங்க எடம் சார்?"

"மேலதான். டிரெய்னிங் ரூம்ல. டேபிள், சேர் எல்லாம் உண்டு."

இத்தனை வருஷமாகக் காத்திருந்த பர்மனென்ட். அன்று சாயங்காலம் சென்னகிருஷ்ணன் டெம்போவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். அவன் குழாயை மூடினான்.

"அப்போ நிக்கக் கத்துக்குடுக்கறவளுக்கு நாற்காலி. நிக்கறவளுங்களுக்கு?"

"அதாங்க."

"நல்லா யோசிச்சுதான் வெச்சிருக்கறானுங்க." தக்காளிச் சாறு பிடித்திருந்த தட்டியைத் தேய்த்தான். பிறகு, "வேணாம்னும் சொல்லமாட்டேன் மாதேசு, வாங்கிக்கன்னும் சொல்லமாட்டேன். பாப்பா படிப்பு இருக்குது. ஆனா எதுத்தாப்புல நிக்கறவ மூஞ்சிய நீதான் பாக்கணும், நான் பாக்கப் போறதில்ல," என்றான்.

"இப்ப சேர்ல உக்காந்தா பாக்க வேணாமே."

"அதுவும் சரிதான்," என்று அவன் குழாயைத் திறந்தான்.

கூட்டம் அன்று ஷாப் ஃப்ளோரிலேயே நடந்தது. மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதி எல்லாருக்கும் புதிதாக இருந்தது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிளான்ட் ஹெட்டும் இன்னும் சிலரும் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜேஷ்குமார் மைக்கை மாதேஸ்வரியிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, "டென்ஷன் ஆகாதீங்க, ரொம்ப சிம்பிளா சொல்லுங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

அவள் முதலில் தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"காலைத் தோள் அகலத்துக்கு வெச்சுக்குங்க. முட்டிய வெறைக்காதீங்க. கொஞ்சம் தளத்துங்க."

பெண்கள் வேண்டாவெறுப்பாகச் செய்தார்கள். பொற்கொடி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப உங்களுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்குது. ஒசரமான ஸ்டூல். அதுல உக்காருங்க. இடுப்பு அதுல எறங்கணும். பாரம் எல்லாம் அதுல போயிரணும்."

வரிசையில் ஒரு சலசலப்பு. "எங்க இருக்குது?" என்று தில்ஷாத் உரக்கவே கேட்டாள். சிலர் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.

"இல்ல," என்றாள் மாதேஸ்வரி. "இருக்குதுன்னு நெனைக்கணும். அதுதான் இதுக்கு மொதல் பாடம். சொல்லிக்குடுத்தவரு மொதல்ல சொன்னது அந்த ஸ்டூலைத்தான்."

அவள் நாற்காலிகளின் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது. அதை அடக்கப் பார்க்கவில்லை.

"வீடியோல நான் நிக்கறேன்னு போட்டீங்க சார். நான் நிக்கல. அத்தன நாளும் உக்காந்துக்கினுதான் இருந்தேன், இல்லாத ஸ்டூல்ல. நெனப்புல ஒரு ஸ்டூல் வந்ததுக்கே எனக்கு இவ்ளோ வலி கொறஞ்சுது. இவுங்களுக்கு நெசமாவே ஒண்ணு குடுத்தீங்கன்னா எவ்ளோ கொறையும்னு நீங்களே பாத்துக்குங்க. இது அவுங்கவுங்க ஆசப்பட்டு நிக்கறது சார். வேணாம்னா உக்காந்துக்கலாம்னு இருந்தாதான் இத நிக்க முடியும். நில்லுன்னு சொல்லி நிக்க வெச்சா அது இது இல்ல. அத நாங்க தெனமும் பண்றோம், அதுக்கு டிரெய்னர் வேணாம்."

மைக்கை மேஜைமேல் வைத்தாள். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. பிளான்ட் ஹெட் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ராஜேஷ்குமாரைப் பார்த்தார். ராஜேஷ்குமார் தரையைப் பார்த்தார். மாதேஸ்வரி திரும்பி வந்து தன் பலகைமுன் நின்றுகொண்டாள். மெஷின்கள் மறுபடியும் ஓடத் தொடங்கின.

டிரெய்னர் பேச்சு அதோடு போயிற்று. பர்மனென்டும் போயிற்று. அவளை லைனிலிருந்து எடுத்து, ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒயர் சுருள்களைப் பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத இடம். கான்ட்ராக்ட் முடிகிற மாதம் புதுப்பிப்பார்களா என்று ராஜேஷ்குமாரிடம் கேட்டபோது, அவர் முதன்முறையாகச் சிரிக்காமல், "தெரியலம்மா," என்றார். மறைத்துப் பேசாத பதில் என்று அவளுக்குத் தோன்றியது. டிவியில் அந்த வீடியோ மட்டும் அதற்குமேல் ஓடவில்லை.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அன்று ஒரு வேனில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. யார் பேசினார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கார் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். ராஜேஷ்குமார்தான் விடாமல் எழுதினார் என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டு பலகைக்கு ஒரு ஸ்டூல், மாற்றி மாற்றி உட்கார வேண்டும். பலகையின் மேல் வரிசையையும் ஒரு கைப்பிடி அளவு தாழ்த்தியிருந்தார்கள். பொற்கொடி உட்கார்ந்ததை மாதேஸ்வரி பார்க்கவில்லை. ஸ்டோரில் இருந்தாள். தில்ஷாத் வந்துதான் சொன்னாள்.

"உக்காந்தாக்கா. உக்காந்ததும் ரெண்டு காலையும் ஆட்டிக்கினே இருக்குறா, பெஞ்சுல ஏத்தி வெச்ச கொழந்த மாதிரி."

மறுநாள் காலை பஸ் இறங்கியதும் மாதேஸ்வரி கேன்டீனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். மரத்தடியில் சருகு சேர்ந்திருந்தது. காலால் ஒதுக்கினாள். கேமரா இருந்த இடத்தில்தான் இருந்தது. இருக்கட்டும் என்று நின்றாள். பாதம், முழங்கால், இடுப்பு. பின்னால் அந்த ஸ்டூலை வைத்தாள். கைகளை வளைத்தாள். தொடை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். இந்த மாதத்தோடு வேலை போனாலும் போகலாம் என்ற நினைப்பு வந்தது. அதையும் பிடித்து நிறுத்தவில்லை.

சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. இடது காலைச் சற்று இழுத்து நடக்கும் அந்த நடை அவளுக்குத் தெரியும். அது அவளைத் தாண்டிச் சுவர்வரைக்கும் போய் நின்றது.

சுவரில் விரலால் இரண்டு தட்டு.

"தோளு ஏறிருக்குக்கா," என்றாள் பொற்கொடி. "எறக்குங்க."

மாதேஸ்வரி இறக்கினாள்.